பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் படிப்பு: பிளஸ் டூ முடித்ததும் சேர முடியுமா?

பாத்திரக்கடை (கும்பகோணம்)
சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். மூத்த மகளின் படிப்பு விஷயமாக ஒரு யோசனை வேண்டும். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் எடுத்தவள். மார்க் நன்றாகவே வந்திருக்கிறது. பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போடலாம் என்று உட்கார்ந்தால், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற படிப்புத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

திடீரென்று வந்த ஆசை இல்லை. போன வருடம் பக்கத்து வீட்டை இடித்தார்கள். இரண்டு கட்டு வீடு, முற்றத்தைச் சுற்றி நாலு தேக்குத் தூண். மூன்றே நாளில் தரைமட்டம். தூண்களை லாரியில் ஏற்றிக் காரைக்குடிப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இவள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து ஊரில் எந்தப் பழைய வீட்டைக் கண்டாலும் போட்டோ எடுக்கிறாள். போனில் இடமே இல்லை.

இதற்கென்று இளநிலைப் படிப்பு நம் நாட்டில் இருக்கிறதா? படித்தால் என்ன வேலை கிடைக்கும்? அமெரிக்காவில் இருக்கிறதாம், அதையும் சொல்கிறாள். அந்த அளவுக்கு வசதி இல்லை.

மழைநாள்
சனி, இரவு 10.05

சோறு போடுமா என்று முதலில் கேளுங்கள். இருக்கிற கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள அஞ்சு வருஷப் படிப்பு எதுக்கு? வாட்ச்மேன் போதுமே.

சுண்ணாம்பரவை
ஞாயிறு, காலை 6.15

ஐயா, பதினான்கு வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். என் அப்பாவும் அப்போது இப்படித்தான் பத்துப் பேரிடம் விசாரித்தார்.

பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போய்ச் சேர்கிற படிப்பாக இது இங்கே வளரவில்லை. முதுநிலையில்தான் உண்டு. டெல்லி, போபால் ஊர்களில் உள்ள எஸ்.பி.ஏ.க்கள் (திட்டமிடல், கட்டடக்கலைக்கான மத்திய அரசுக் கல்லூரிகள்), அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம், இங்கெல்லாம் கான்சர்வேஷனில், அதாவது பாதுகாப்பில், முதுநிலை தருகிறார்கள். அங்கே போகப் பெரும்பாலும் முதலில் ஐந்து வருட பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.ஆர்க் சேர நாட்டா என்ற நுழைவுத் தேர்வு. எஸ்.பி.ஏ.யில் பி.ஆர்க்கே படிக்க ஆசைப்பட்டால் ஜே.இ.இ. மெயினின் பி.ஆர்க் தாள். மகள் கணிதம் எடுத்திருப்பதால் இரண்டு கதவும் திறந்தே இருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். முதல் இரண்டு வருடம் ஏமாற்றமாக இருக்கும். பழைய வீடுகளை மனதில் வைத்துக்கொண்டு போன எனக்கு பஸ் ஸ்டாப்பும் மழலையர் பள்ளியும் வரையக் கொடுத்தார்கள். கான்சர்வேஷன் என்ற சொல் நாலாம் வருடத்தில் விருப்பப் பாடமாக வந்தது, வாரத்துக்கு மூன்று மணி நேரம். அதற்குள் என்னோடு சேர்ந்த இரண்டு பேருக்கு ஆசையே விட்டுப்போயிருந்தது.

வாட்ச்மேன் போதும் என்ற நண்பருக்கு: நான் முதன்முதலில் நின்ற வேலையிடம் சென்னையில் ஒரு பழைய பங்களா. பட்டம் வாங்கியிருந்தேன், ஆனால் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குத் தடவுவது என்ற அளவில்தான் தெரியும். அங்கிருந்த கொத்தனார், அறுபது வயதிருக்கும், என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். சுட்ட கல்லைத் தண்ணீரில் கொட்டியதும் உலை மாதிரிக் கொதித்தது. அது அடங்கி, நீற்றின சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அப்புறம் சலித்து, மணலோடு அரவையில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். "பதம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கரண்டியில் ஒரு உருண்டை எடுத்துக் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்தார். விழவில்லை. "இப்ப பூசலாம்" என்றார். என் ஐந்து வருடப் படிப்பில் இது எந்தத் தாளிலும் வரவில்லை.

அந்தப் பங்களாவில் யாரோ ஒருவர் முன்பே சிமென்ட் பூசிப் பாதிச் சுவரைக் கெடுத்து வைத்திருந்தார். அதைத் தட்டி எடுக்கவே நாலு மாதம் ஆனது. படிப்பு எதற்கு என்றால், அந்த யாரோ ஒருவராக நாம் ஆகாமல் இருப்பதற்கு.

ஓய்வுபெற்ற ஏ.இ.
ஞாயிறு, காலை 8.30

//யாரோ ஒருவர் முன்பே சிமென்ட் பூசி//

அந்த யாரோ ஒருவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தப் பங்களா இல்லை, வேறொன்று. எண்பதுகளில் ஒரு தாலுகாவில் பழைய அரசு அலுவலகம், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சுவர், காரைப் பூச்சு. கீழே ஓதம் ஏறியிருந்தது. நான் சின்னப் பையன், எஸ்டிமேட் போட்டேன்: பழைய காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூச்சு. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். திறப்பு விழாவில் சுவர் பளபளவென்று இருந்தது.

மூன்று மழை போனதும் பார்த்தால் ஓதம் இடுப்பளவு ஏறி நிற்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் விடாது. ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறியது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிட்டது. விரலால் தட்டினால் சிமென்ட் மட்டும் பலகை மாதிரித் தனியாக நிற்கும், பின்னால் செங்கல் இருந்த இடத்தில் சிவப்புத் தூள். முப்பத்தாறு வருடச் சர்வீஸில் நான் கட்டியதெல்லாம் மறந்துபோச்சு, அந்தச் சுவர் மறக்கவில்லை.

பாத்திரக்கடை ஐயாவுக்கு: பி.ஆர்க் மட்டும்தான் வழி என்று இருக்க வேண்டாம். சிவில் படித்தும் வரலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பாரம்பரியக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. கல்லைப் பெயர்க்காமல் ராடார் விட்டு உள்ளே பொள்ளலா என்று பார்ப்பது, சுவர் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று சோதிப்பது, அந்த மாதிரி வேலைகள். ஐரோப்பாவில் போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி, செக் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பழங்கட்டடங்களின் கட்டமைப்பு ஆய்வில் ஒரு முதுநிலை நடத்துகின்றன. சிவில் படித்த நம் பிள்ளைகள் சிலர் அங்கே போயிருக்கிறார்கள். பொறியியலா, ஆசையா என்று வீட்டில் சண்டை வேண்டாம், இரண்டும் ஒரே பாதையில் வரும்.

இன்றைக்குப் பொதுப்பணித்துறையிலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2012இல் தீப்பிடித்த சேப்பாக்கம் கலச மகாலைச் சரிசெய்தபோது சுண்ணாம்பும் கடுக்காயும் திரும்ப வந்தன. எங்கள் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நூறுமீட்டர்
ஞாயிறு, பகல் 1.20

எல்லாரும் ரொம்ப அழகாப் பேசறீங்க. நம்ம கதையையும் கேளுங்க. எங்க வீடு மத்திய அரசு பாதுகாக்கிற ஒரு கோயில்லேர்ந்து எண்பது மீட்டர். தம்பிக்குக் கல்யாணம், மாடியில ஒரு ரூம் போடணும். முடியாது. சட்டமாம். அந்தப் பொண்ணு படிச்சுட்டு வந்து எங்க தெருவுக்கு நோட்டீஸ் ஒட்டறதுக்கா? கல்லுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்குக் கிடையாது.

சுண்ணாம்பரவை
ஞாயிறு, பகல் 2.40

அண்ணா, உங்கள் கோபம் நியாயம். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் வருடச் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கிக் கட்டலாம். சின்னக் கல்வெட்டுப் பாறையானாலும் சரி, தஞ்சைப் பெரிய கோயிலானாலும் சரி, ஒரே அளவு. அதை இந்தத் துறைக்காரர்களே பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 100 மீட்டருக்குள் இருக்கிற வீட்டைப் பழுது பார்க்க, புதுப்பிக்க அனுமதி கேட்கலாம், அதைச் சட்டமே சொல்கிறது. மாடி ரூம் அதில் வராது. ஒழுகுகிற கூரை வரும்.

இன்னொன்று. உங்கள் தெருவில் வந்து நின்று, எது மறைக்கும், எது மறைக்காது என்று அளந்து சொல்ல ஆள் இருந்தால் ஊருக்கு ஊர் விதி வேறாக இருக்கலாம். ஆள் இல்லாத இடத்தில்தான் ஸ்கேலை வைத்துக் கோடு போடுகிறார்கள்.

நூறுமீட்டர்
ஞாயிறு, பகல் 2.55

கூரை ஒழுகுது, அதுவும் உண்மைதான். மனுவை யாருக்குப் போடணும்னு சொல்லுங்க, தனியாக் கேக்கறேன்.

சுதைக்கை
ஞாயிறு, இரவு 7.10

மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் சுதைப் பிரிவில் (சுண்ணாம்புக் காரையில் உருவம் செய்வது) படிக்கிறேன். ஒருத்தரும் எங்கள் பெயரைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1957இல் தொடங்கின இடம். கோயில் கட்டடக்கலையும் சிற்பமும் வண்ணமும் இங்கே இளநிலைப் பட்டமாகவே உண்டு. கன்னியாகுமரித் திருவள்ளுவரை வடித்த கணபதி ஸ்தபதி இங்கே முதல்வராக இருந்தவர். கல், சுதை, மரம், உலோகம், எதை எடுத்தாலும் கை படாமல் பாஸ் பண்ண முடியாது.

ஆனால் பாத்திரக்கடை ஐயாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் படிப்பது பாதுகாப்பு இல்லை. செய்வது. புதிதாகச் செய்யப் பழகின கைக்குப் பழையதை அப்படியே விட்டுவைக்க வராது. போன லீவில் ஒரு கோபுரத் திருப்பணிக்குக் கூலிக்குப் போயிருந்தேன். ஒரு துவாரபாலகருக்குக் காது போயிருந்தது. மேஸ்திரி அரை மணி நேரத்தில் புதுக் காது வைத்துவிட்டார், நல்ல காது. அங்கே வந்திருந்த ஒரு ஆர்க்கிடெக்ட் மேடம், "பழைய காது எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மேஸ்திரி, "பின்னமான உருவத்தைக் கோபுரத்துல வச்சுட்டுக் கும்பாபிஷேகம் பண்ண முடியுமாம்மா?" என்று திருப்பிக் கேட்டார். ரெண்டு பேரும் சரியாகப் பேசுகிற மாதிரியே எனக்குத் தோன்றியது. யார் சரி?

சுண்ணாம்பரவை
ஞாயிறு, இரவு 9.30

தம்பி, இந்தத் துறையின் நடு வயிற்றில் கை வைத்துவிட்டாய்.

அந்த மேடம் படித்தது 1964ஆம் வருட வெனிஸ் சாசனம், பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க உலக அளவில் எழுதின நெறிமுறை. ஊகம் தொடங்குகிற இடத்தில் வேலை நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறைக்காக ஜான் மார்ஷல் 1923இல் எழுதின கையேடும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கற்பனையில் சேர்க்காதே. பூசை நின்றுபோன கோயிலுக்கு, இடிந்த கோட்டைக்கு, அது சரியாகப் பொருந்தும். ஆனால் உன் மேஸ்திரி நிற்கிற கோபுரத்தின் கீழே தினம் ஆறு கால பூசை நடக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை திருப்பணி பார்த்துக் குடமுழுக்கு செய்வது அந்தக் கோயிலின் மூச்சு. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் 2004இல் தனியாக ஒரு சாசனம் எழுதியது. வாழும் கட்டடத்துக்குக் கைவினைஞரின் மரபறிவும் பாதுகாப்பின் பகுதிதான் என்று அதில் இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதை ஸ்ரீரங்கம் வாங்கியது. பூசை நடக்கிற கோயில்தான் அதுவும்.

அதற்காக மேஸ்திரி செய்வதெல்லாம் சரி என்று விடவும் முடியாது. திருப்பணி என்ற பெயரில் கல் தூண்களில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கழுவினார்கள். நூற்றாண்டுகளாகக் கல்லில் இருந்த உளித் தடம் போயிற்று, கல்வெட்டு எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போயிற்று. எண்ணெய்ப் பிசுக்குப் போகத்தான் அடித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கல்லைக் கெடுக்காமல் மெதுவாகப் பிசுக்கெடுக்கவும் வழி இருந்தது, கேட்க ஆள் இல்லை.

என் பதில்: சுதைக் காது வைக்கலாம். சுதை திரும்பத் திரும்பப் பூசப்படவே செய்தது. ஆனால் வைப்பதற்கு முன்னால் போட்டோ, அளவு, எந்த வருடம் யார் வைத்தது என்ற குறிப்பு. கல்லில் மட்டும் கை வைக்காதே. இதற்கு எதிராகப் பேசுகிற ஆட்களும் எங்கள் துறையில் உண்டு, அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

வர்ஜீனியாவாசி
திங்கள், காலை 5.45

அமெரிக்கா பற்றி வந்ததால் இரண்டு வரி. ஆமாம், இங்கே இளநிலையிலேயே உண்டு. எங்கள் பக்கம் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊரில் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் அதற்குப் பெயர் போனது. ரோட் ஐலண்டில் ராஜர் வில்லியம்ஸ், தெற்கே சார்ல்ஸ்டன் கல்லூரி. பக்கத்து வீட்டுப் பெண் அதைத்தான் படிக்கிறாள். முதல் வருடமே பழைய பத்திரங்களைத் தோண்டி ஒரு வீட்டின் கதையை எழுதக் கொடுத்தார்களாம். சார்ல்ஸ்டனில் இன்னொரு கல்லூரி இருக்கிறது, மாமல்லபுரம் தம்பிக்குப் பிடிக்கும்: 1989 ஹ்யூகோ புயலில் ஊர் சிதைந்தபோது பழைய வீடுகளைச் சரிசெய்யக் கொத்தனாரும் தச்சரும் கிடைக்காமல், அதற்காகவே உருவான கல்லூரி. சுவர்ப் பூச்சும் கொல்லு வேலையும் சொல்லிக்கொடுத்துப் பட்டமும் தருகிறார்கள்.

இங்கே இளநிலைப் படிப்பு எப்படி நிற்கிறது என்றால், சட்டத்தால். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள், நாடே கொதித்தது. 1966இல் சட்டம் வந்தது. அதன் 106ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டம் எதுவானாலும், வழியில் இருக்கிற பழைய கட்டடங்களுக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ரோடு போடுகிற கம்பெனிக்கும் செல்போன் கோபுரக் கம்பெனிக்கும் இந்த ஆட்கள் தேவை. இளநிலையோடு இரண்டு வருட அனுபவம் இருந்தால் கட்டட வரலாற்று ஆய்வாளர் என்ற தகுதி வந்துவிடும். வேலை இருக்கிறது, அதனால் படிப்பு இருக்கிறது. கட்டணம் மட்டும் கேட்காதீர்கள்.

சுண்ணாம்பரவை
திங்கள், காலை 7.00

//வேலை இருக்கிறது, அதனால் படிப்பு இருக்கிறது//

இதை அடிக்கோடிட வேண்டும். நம் பக்கம் சட்டம் சின்னங்களுக்கு இருக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கிறவை 3,600க்கும் மேல். ஆனால் பட்டியலில் வராத பாத்திரக்கடை ஐயாவின் பக்கத்து வீட்டுக்கு யாரும் கிடையாது. அண்ணா சாலையில் 1897ஆம் வருடத்து பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் உயர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தியது, 2010இல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வழக்குப் போட முடியுமா?

சம்பளம் பற்றிக் கேட்டார்களே, தொடக்கத்தில் குறைவு. என்னோடு படித்துப் புதுக் கட்டடத்துக்குப் போனவர்கள் முதல் ஐந்து வருடம் என்னைவிட நன்றாகச் சம்பாதித்தார்கள். இப்போது பரவாயில்லை. செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறார்கள், புதுச்சேரியில் வேலை வருகிறது, அரசுத் திட்டங்களும் உண்டு. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பச்சைத்தூள்
திங்கள், காலை 11.15

வேதியியலையும் யாராவது சொல்லுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930இல் பரமசிவன் என்ற வேதியியலாளரை வைத்துத் தொடங்கியது. வெண்கலச் சிலைகளில் வெளிர்ப் பச்சையாகப் பொடி பூத்தால் அது களிம்பு இல்லை, நோய். உள்ளே குளோரைடு இருக்கும்வரை தின்றுகொண்டே போகும். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு முதுநிலையில் பாதுகாப்பு எடுத்தவர்கள் அருங்காட்சியகக் கூடங்களில் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் தெரியவந்ததே, பின்னாளில் மேல் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்து இரண்டையும் காப்பாற்றினது கட்டடக்காரர்கள் இல்லை.

திண்ணைப்பெண்
திங்கள், மாலை 6.30

வணக்கம். நான்தான் அந்த மகள். அப்பா எல்லாப் பதிலையும் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் சத்தமாகப் படித்தார். வாட்ச்மேன் என்று எழுதியதைத் தவிர்த்துவிட்டுப் படித்தார், அப்புறம் நானே பார்த்தேன்.

இரண்டு கேள்வி. எனக்கு வரையவே வராது. மரம் வரைந்தால் காலிஃபிளவர் மாதிரி இருக்கும். அப்படியிருந்தால் பி.ஆர்க் வேண்டாமா? இரண்டாவது, கல்லூரி சேரும் வரைக்கும் சும்மா இருக்கிறேன், இப்போதே ஏதாவது செய்ய முடியுமா?

மூணாவதுவருஷம்
திங்கள், இரவு 8.20

பி.ஆர்க் மூணாவது வருஷம் படிக்கிறேன். காலிஃபிளவர் பிரச்சினை இல்லை, எங்கள் கிளாஸில் பாதிப் பேர் அப்படித்தான். நாட்டாவுக்குக் கொஞ்சம் பழகு, போதும். பழைய கட்டடத்துக்கு வேண்டியது அழகான கை இல்லை. டேப்பைத் தொய்யாமல் பிடிக்கிற கை.

கட்டடக்கலை மாணவர்களுக்கு நாசா என்று ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது (ராக்கெட் இல்லை). வருஷா வருஷம் பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துகிற போட்டி வைக்கிறார்கள், லூயி கான் பெயரில் கோப்பை. போன வருஷம் ஒரு பழைய ஊரில் பதினொரு நாள் இருந்தோம். ஒரு வீட்டை முழுக்க அளந்தோம், ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு தூண். சாப்பாடு போட்டது அந்த வீட்டுப் பாட்டிதான். கிளம்பும்போது வரைபடத்தைக் காட்டினோம், "இந்த ஜன்னல் எங்க இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஒரு ஜன்னலை அதிகமாகப் போட்டிருந்தோம். கல்லூரியில் கான்சர்வேஷன் பாடம் எப்போது வரும் என்று காத்திருக்காதே, முதல் வருஷமே இந்தக் குழுவில் சேர்ந்துவிடு.

இப்போதே செய்ய: உன் வீட்டை அள. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

திண்ணைப்பெண்
வியாழன், மாலை 5.10

அளந்தேன். தம்பி டேப்பின் மறுமுனையைப் பிடித்தான், சம்பளம் ஒரு கடலை மிட்டாய். ஒவ்வொரு அறையாக எழுதி, கட்டம் போட்ட நோட்டில் வரைந்தேன். ஆனால் எல்லா அறையையும் சுவரையும் கூட்டினால் வருகிற நீளம், வெளியே சுவரை அளந்த நீளத்தைவிட 7 அங்குலம் அதிகம். வீடு வெளியே இருப்பதைவிட உள்ளே பெரிசாக இருக்கிறது!

மூணாவதுவருஷம்
வியாழன், மாலை 6.00

வாழ்த்துகள், எல்லாருக்கும் முதல்தடவை நடப்பதுதான். துண்டு துண்டாக அளந்தால் ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் தப்பும், கூட்டும்போது எல்லாம் சேர்ந்து மேலே வந்து நிற்கும். அதனால் டேப்பின் பூஜ்யத்தை வாசலில் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, கதவுகள் வழியாகக் கொல்லை வரை இழு. டேப்பை எடுக்காமல் ஒவ்வொரு சுவரும் எத்தனையில் வருகிறது என்று தொடர்ச்சியாகப் படி. சுவர்த் தடிமனை ஊகிக்காதே, கதவு நிலையில் அள.

அடுத்தது, மூலைவிட்டம் எடுத்தாயா? எடுத்திருக்க மாட்டாய். நாலு பக்கம் மட்டும் அளந்துவிட்டு மூலை நேர்க்கோணம் என்று வரைந்திருப்பாய். பழைய வீட்டில் எதுவும் அப்படி இருக்காது.

ஓய்வுபெற்ற ஏ.இ.
வியாழன், இரவு 7.45

தரைமட்டமும் பார் அம்மா. லெவல் மெஷின் வேண்டாம். பத்து மீட்டர் தெளிவான டியூப்பில் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழ் இல்லாமல் இரண்டு முனையையும் இரண்டு அறையில் பிடியுங்கள், தண்ணீர் நிற்கிற இடம் ஒரே மட்டம். எந்தக் கொத்தனாரிடமும் இருக்கும்.

பாத்திரக்கடை (கும்பகோணம்)
வெள்ளி, காலை 9.20

நாட்டாவுக்குப் பணம் கட்டிவிட்டேன். சிவிலுக்கும் கவுன்சலிங்கில் பதிந்து வைத்திருக்கிறோம், ஏ.இ. ஐயா சொன்னது என் மனைவிக்கு ஆறுதலாக இருந்தது. மகள் கடைக்கு டியூப் கேட்டு வந்தாள், எதற்கு என்று அப்போது புரியவில்லை.

திண்ணைப்பெண்
சனி, மாலை 4.40

மறுபடியும் அளந்தேன். 7 அங்குலம் இப்போது முக்கால் அங்குலமாகிவிட்டது.

முற்றம் சதுரம் என்று நினைத்திருந்தேன். நாலு பக்கமும் 13 அடி 9 அங்குலம்தான், ஒன்றில் மட்டும் கால் அங்குலம் குறைவு. ஆனால் மூலைவிட்டம் ஒன்று 19 அடி 7, மற்றது 19 அடி 3¾. அதாவது சாய்ந்த சதுரம். பிறந்ததிலிருந்து அங்கேதான் விளையாடுகிறேன், ஒருநாளும் கண்ணுக்குத் தெரியவில்லை. ரேழி அகலம் 5 அடி 6. தண்ணீர் டியூப்பில் பார்த்தால் கூடம் கொல்லைப் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. தாத்தா, கூடம் கழுவின தண்ணீர் ஓடுவதற்காக வேண்டுமென்றே அப்படி என்கிறார்.

ஒன்று புரியவில்லை. கட்டினவர்கள் ஏன் 14 அடி என்று முழுசாக வைக்காமல் 13 அடி 9 என்று வைத்தார்கள்?

சுதைக்கை
சனி, மாலை 5.30

அவர்கள் அடியில் கட்டவில்லை. தச்சு முழத்தில் கட்டினார்கள். ஒரு முழம் 33 அங்குலம். உன் முற்றத்தை அங்குலமாக்கி 33ஆல் வகுத்துப் பார்.

திண்ணைப்பெண்
சனி, மாலை 5.34

165. ஐந்து முழம்! ரேழி 66, இரண்டு முழம்!!

இருங்கள், வருகிறேன்.

திண்ணைப்பெண்
சனி, மாலை 6.25

கரண்ட் இல்லை, டார்ச் அடித்து அளந்தேன். திண்ணை அகலம் 2 அடி 9 அங்குலம்.